பாதரசம் ஓய்ந்த ஊரில்

மேற்கு ஸ்லோவீனியாவின் மலைகளுக்கிடையே, இத்ரீட்சா ஆற்றங்கரையில், ஆழ்ந்ததொரு பள்ளத்தாக்கில் ஒடுங்கிக் கிடக்கும் இத்ரியா என்னும் சிறு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தவர் எவரும் ஒரு கர்ணபரம்பரைக் கதையைச் சொல்லாமல் மேலே சென்றதில்லை. 1490-ஆம் ஆண்டில் மரத்தொட்டி செய்து பிழைத்த ஒருவன், பலகைகள் ஊறி இறுகட்டும் என்று தன் தொட்டியை ஓர் ஊற்றில் இரவு முழுவதும் அமிழ்த்தி வைத்திருந்து, மறுநாள் காலையில் அதைத் தூக்க முயன்றபோது, வெள்ளியை உருக்கி ஊற்றியதுபோல் ஒரு திரவம் அடியில் தேங்கி மின்னிற்றென்றும், அதன் கனத்தால் தொட்டியை அசைக்கவும் முடியவில்லையென்றும் அக்கதை கூறும். இதற்கு ஆதாரம் தேடுவது வீண் வேலை. ஆனால் 1508-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி, புனித அகாசியுவின் திருநாளன்று, பாதரசத்துக்கு மூலமாகிய சாதிலிங்கத் தாது செறிந்த படிவம் ஒன்று அங்கே அகப்பட்டதும், அதன்பின் ஐந்நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலத்துக்குள் ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பாதரசம் அந்த மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்து, வெனிஸ் நகரத்து வணிகர்களின் கிடங்குகளுக்கும், ஸ்பானியரின் ஆட்சியிலிருந்த அமெரிக்க வெள்ளிச் சுரங்கங்களுக்கும், ஐரோப்பிய வைத்தியர்களின் மருந்துச் சாலைகளுக்கும் சென்றதும் சரித்திரம். ஸ்பெயின் நாட்டு அல்மதேன் ஒன்று நீங்கலாக, உலகில் இதைவிடப் பெரிய பாதரசச் சுரங்கம் இருந்ததில்லை.

அச்சுரங்கம் இன்று மூடிக் கிடக்கிறது. பாதரசத்தின் நச்சுத்தன்மையைப் பற்றிய அச்சம் உலகெங்கும் பரவி அதன் விலை வீழ்ந்தபோது, 1970-களின் பிற்பகுதியில் வேலை நிறுத்தப்பட்டது. பின்னர் சில ஆண்டுகள் தட்டுத் தடுமாறி நடந்து, 1990-களில் அடியோடு ஓய்ந்தது. தோண்டப்பட்ட சுரங்க வழிகளின் மொத்த நீளம் எழுநூறு கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வாழும் ஊருக்கு அடியில் இன்னோர் ஊர் இருந்தது என்றே சொல்லிவிடலாம். ஒரே தொழிலுக்காகப் பிறந்து, அத்தொழிலாலேயே உண்டு உடுத்து, நோயுற்று மாண்ட ஒரு ஜனசமூகத்தில், அத்தொழில் போன பிறகு எந்த மரபு உயிரோடு எஞ்சுகிறது, எது உயிர்போலத் தோற்றமளிக்கும்படி பாடம் செய்து வைக்கப்படுகிறது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் கேள்வி.

இக்கேள்வி இத்ரியாவுக்கு மட்டும் உரியதன்று. ஸ்லோவீனியர் 2008-ஆம் ஆண்டில் இயற்றிய பண்பாட்டு மரபுப் பாதுகாப்புச் சட்டத்தில், கட்டடமாகவும் கருவியாகவும் இல்லாமல் மனிதர்களின் பழக்கத்திலும் கைவண்ணத்திலும் குடிகொண்டிருக்கும் மரபுகளை, அவர்கள் மொழியில் ‘உயிருள்ள’ என்று பொருள்படும் ‘ஷீவா’ என்ற அடைமொழியால் குறித்தார்கள். பிற்பாடு யுனெஸ்கோ ஸ்தாபனத்தின் சொல்வழக்கைத் தழுவி, பருப்பொருள் அல்லாத மரபு என்று அதை மாற்றிக்கொண்டார்கள். எனக்கென்னவோ பழைய சொல்லே பொருத்தமாகப் படுகிறது. பருப்பொருள் அல்லாதது என்ற சொல், அந்த மரபு இன்னது அன்று என்று விலக்கிக் காட்டுகிறதே தவிர, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தெரிவிக்கவில்லை. உயிருள்ளது என்று சொல்லும்போதோ, அதற்கு உணவு வேண்டும், அது மாறும், அது சாகவும் கூடும் என்ற மூன்று செய்திகளும் அச்சொல்லிலேயே அடங்கிவிடுகின்றன.

அந்நாட்டில் பிரசித்தி பெற்ற மரபுகளை ஒருசேரப் பார்த்தால், அவை எல்லாம் ஒரே விதமாக உயிர் வாழவில்லை என்பது புலப்படும். ஷ்கோஃப்யா லோகா நகரத்தில் கிறிஸ்துவின் பாடுகளை ஊர்வலமாக நடிக்கும் மரபுக்கு, ரோமுவால்ட் என்ற கப்புச்சின் துறவி 1721-ஆம் ஆண்டில் எழுதிவைத்த ஏடு ஆதாரம். ஸ்லோவீனிய மொழியில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நாடக ஏடு அதுவே. நெடுங்காலம் நின்றுபோயிருந்த அந்த ஊர்வலம், 1999-ஆம் ஆண்டில்தான் ஏட்டைத் துணைக்கொண்டு முழு அளவில் மீண்டும் நடந்தது. 2016-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறிய முதல் ஸ்லோவீனிய மரபும் அதுவே ஆயிற்று. பழம்பெரும் ப்துய் நகரத்தைச் சுற்றிய கிராமங்களிலோ, ஆட்டுத்தோல் போர்த்தி, இடுப்பில் மாட்டுமணிகள் கட்டி, குளிர்காலத்தை விரட்டும் பாவனையில் வீடு வீடாகக் குதித்துச் செல்லும் ‘குரென்ட்’ வேஷக்காரர்கள் ஏட்டை நம்பியிருக்கவில்லை. தகப்பனைப் பார்த்து மகன் செய்தான். 1960 முதல் அந்த வேஷங்களை நகரத்துக்கு அழைத்து வந்து பெருந்திருவிழாவாக நடத்துகிறார்கள் என்றாலும், 2017-இல் பட்டியலில் இடம் பெற்றது அத்திருவிழா அன்று, கிராமத்து வீட்டு வாசல்களில் நடக்கும் சுற்றுதான் என்பது கவனத்துக்குரியது. இத்ரியாவுக்கு அண்டை ஊராகிய செர்க்னோவில், லிண்டன் மரத்தில் கடைந்த முகமூடிகளை அணிந்து, ஊரில் நேர்ந்த தீங்குகளுக்கெல்லாம் ‘பூஸ்ட்’ என்னும் பாத்திரத்தைக் குற்றவாளியாக்கி விசாரித்து மரண தண்டனை விதிக்கும் ‘லவுஃபாரியா’ வேடிக்கை, நின்றுபோய் 1956-இல் புத்துயிர் பெற்றது. ஏட்டால் எழுந்தது ஒன்று, பழக்கத்தால் நீடித்தது ஒன்று, நினைவிலிருந்து மீட்கப்பட்டது ஒன்று. இவை மூன்றும் ஒரு சில பண்டிகை நாட்களுக்கே உரியவை. இத்ரியாவின் மரபு அப்படியன்று. அது வேலைநாட்களின் மரபு. அதனால்தான் மற்றவற்றைவிட அது ஆராய்ச்சிக்கு உகந்தது என்று நான் கருதுகிறேன்.

முதலில் சுரங்கத்தோடு ஒட்டிய வழக்கங்களை நோக்குவோம். பூமிக்குள் இறங்குபவன் மீண்டு வருவான் என்ற நிச்சயம் இல்லாத தொழிலில், சந்திக்கும்போதும் பிரியும்போதும் ‘ஸ்ரெச்னோ’, அதாவது ‘நலமே ஆகுக’ என்று வாழ்த்திக்கொள்வது வழக்கமாயிற்று. அச்சொல் சுரங்கத்தைக் கடந்து நாடெங்கும் பரவிவிட்டது. சுரங்கத்தின் இருளில் ‘பெர்க்மாண்டெல்ட்ஸ்’ என்ற குள்ளப் பூதம் திரிவதாகவும், சுவரைத் தட்டி ஓசை எழுப்பி அது ஆபத்தை உணர்த்துவதாகவும், மரியாதை இல்லாதவர்களின் கருவிகளை ஒளித்து வைப்பதாகவும் தொழிலாளர் நம்பினார்கள். 1500-ஆம் ஆண்டில் குடையப்பட்ட அந்தோணியார் சுரங்க வழியினுள்ளேயே சிறு வழிபாட்டிடம் ஒன்று உண்டு. புனித பார்பராவையும் அகாசியுவையும் வேண்டிக்கொண்டுதான் அக்காலத்தில் வேலைக்கு இறங்கினார்கள். இன்று அந்த வழியே இறங்குபவர்கள் கட்டணம் செலுத்திய யாத்திரிகர்கள். குள்ளப் பூதம் அவர்களுக்குப் பொம்மையாகவும் வழிகாட்டியின் வேடிக்கைப் பேச்சாகவும் காட்சி தருகிறது. பூதத்துக்குப் பயப்பட வேண்டிய அவசியம் இருந்தவரையில்தான் அதற்கு உயிர் இருந்தது.

சுரங்கத்தைச் சார்ந்த ஸ்தாபனங்களில் இன்றும் தானே மூச்சுவிடுவது வாத்தியக் குழு ஒன்றுதான். தன் வரலாற்றை 1665-ஆம் ஆண்டிலிருந்து எண்ணும் இத்ரியா சுரங்கத் தொழிலாளரின் ஊதுவாத்தியக் குழு, ஐரோப்பாவின் மிகப் பழைய குழுக்களில் ஒன்றெனப் பெயர் பெற்றது. சுரங்கத்தில் இறங்கியே அறியாத இளைஞர்கள் அதில் வாசிக்கிறார்கள். வாத்தியம் வாசிக்கச் சுரங்கம் தேவையில்லை என்பதே அதன் நல்வினை. 1769-இல் எழுந்த தொழிலாளர் நாடகக் கொட்டகையும், அதன் அருகே, கூலியின் ஒரு பகுதியைத் தானியமாகவே கொடுத்த காலத்தில் கட்டிய களஞ்சியமும், செங்குத்தான மரஓட்டுக் கூரையோடு பல அடுக்குகளாக உயர்ந்து, பல குடும்பங்களை ஒரே வாசலுக்குள் அடைத்துவைத்த தொழிலாளர் வீடுகளும் கல்லாகவும் மரமாகவும் நிற்கின்றன. அவற்றைப் பற்றி இங்கே விரிவாகப் பேச வேண்டியதில்லை.

அதே 1665-ஆம் ஆண்டில்தான் இத்ரியாவில் இன்னொன்றும் நிகழ்ந்தது: சுரங்கத் தொழிலாளரின் வேலைநேரம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. தொழிலாளர் ஆரோக்கியத்துக்காக எழுந்த மிகப் பழைய விதிகளில் ஒன்று என்று வைத்திய சரித்திரக்காரர்கள் இதைப் போற்றுகிறார்கள். ஆனால் இதைத் தயாளகுணத்தின் விளைவென்று எண்ணிவிடலாகாது. பாதரசச் சுரங்கத்தில் மனிதன் வெகு சீக்கிரம் பயனற்றுப் போனான். அவனைக் கொஞ்சம் நீட்டித்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வைத்தியர் பாராசெல்சஸ் 1527-இல் இவ்வூருக்கு வந்து, பாதரசத்தால் நோயுற்றவர்களைக் கண்டதாகக் கூறுவர். 1754-இல் சுரங்க வைத்தியராக நியமனம் பெற்று வந்த ஜோவானி அந்தோனியோ ஸ்கோபோலி, பதினைந்து ஆண்டுகள் இங்கேயே தங்கி, 1761-இல் வெளியிட்ட இலத்தீன் நூலில் பாதரச ஆவியால் விளையும் நோய்களை விவரித்து வைத்தார். அந்நோய்களின் குறிகள் என்னவென்றால், வாயில் ஓயாமல் உமிழ்நீர் ஊறும். ஈறு புண்ணாகிப் பற்கள் ஆடி விழும். கடைசியில் கைகள் நடுங்கத் தொடங்கும். சிலருக்கு ஒரு கோப்பை நீரைச் சிந்தாமல் உதட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாத அளவுக்கு அந்த நடுக்கம் முற்றிவிடும்.

இந்த நடுங்கும் கையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இத்ரியாவின் இன்னொரு தொழிலை நோக்க வேண்டும். கணவனின் கை நடுங்கிக் குடும்பத்தின் வரும்படி சுருங்கிய வீடுகளில், மனைவியின் கை துளியும் நடுங்காமல் செய்ய வேண்டிய ஒரு வேலை வளர்ந்தது. அதுவே லேஸ் பின்னல்.

அதன் முறையைச் சற்று விளக்கமாகச் சொன்னாலன்றி வாசகருக்கு அதன் அருமை தெரியாது. உருளை வடிவமான, நன்றாக இறுக அடைத்த ஒரு தலையணையின் மேல், கோலம் வரைந்த காகிதத்தைச் சுற்றிக் குத்துகிறார்கள். ‘க்லெக்கெல்’ என்று அவர்கள் வழங்கும், விரல் நீளத்துக்குச் சற்றே கூடிய மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, இரண்டிரண்டாக இணைத்துத் தொங்கவிடுகிறார்கள். பிறகு நடப்பது இரண்டே அசைவுகள்: ஒரு கட்டையை மற்றொன்றின் மேல் முறுக்குவது, ஓர் இணையை மற்றோர் இணையோடு குறுக்கே மாற்றுவது. முறுக்கி, மாற்றி, குண்டூசி குத்தி, மீண்டும் முறுக்கி மாற்றி, இவ்விரண்டே அசைவுகளின் எண்ணற்ற சேர்க்கையால் துணியே இல்லாத இடத்தில் துணி ஒன்று உருவாகிறது. மற்ற நாடுகளின் சில லேஸ் வகைகளுக்கு நூற்றுக்கணக்கான கட்டைகள் தேவைப்பட, இத்ரியாவின் பாணிக்கு ஏழெட்டு இணைகளே போதும். அவற்றால் ‘ரிஸ்’ எனப்படும் ஒடுக்கமான நாடா ஒன்றைப் பின்னிக்கொண்டே போய், அது வளைந்து திரும்பித் தன்னையே சந்திக்கும் இடங்களில் சிறு கொக்கி ஊசியால் முடிந்து சேர்த்துவிடுகிறார்கள். ஆற்றின் போக்கைப்போல் ஒரே நாடா நெளிந்து நெளிந்து பூவாகவும் இலையாகவும் ஆகிவிடுகிறது. கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ‘கடகட’ ஓசை தொடர்ந்து கேட்டால் உள்ளே இருப்பவள் கைதேர்ந்தவள். விட்டு விட்டுக் கேட்டால் கற்றுக்குட்டி.

இக்கலை இத்ரியாவில் வழங்கியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று 1696-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜெர்மானிய நாடுகளிலிருந்தும் பொஹீமியாவிலிருந்தும் வந்த சுரங்க நிபுணர்களின் மனைவியர் இதைக் கொண்டுவந்திருக்கலாம் என்பது பலரின் அபிப்பிராயம். யார் கொண்டுவந்தாலும் அதை வேரூன்றச் செய்தது வறுமைதான். பெண்கள் சமையலுக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் பின்னினார்கள். ஐந்தாறு வயதுப் பெண் குழந்தைகளும், பல வீடுகளில் ஆண் குழந்தைகளும் தலையணையின் முன் அமர்த்தப்பட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் லபாய்னே குடும்பத்தார் முதலிய வணிகர்கள் தலையெடுத்து இத்ரியா லேஸைத் தூர தேசங்களுக்கு அனுப்பலானபோது, விலையை நிர்ணயித்தவர்கள் அவர்களே. கண் மங்கப் பின்னியவளுக்கு அதில் சேர்ந்த பங்கு அற்பம். இன்று சுற்றுலாப் பிரசுரங்களில் ஜன்னலோரம் அமர்ந்து முகத்தில் அமைதி ததும்பப் பின்னும் பாட்டியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் உண்டாகிறது. அந்தப் பாட்டியின் பாட்டி விரும்பி அங்கே உட்கார்ந்தவள் அல்லள். மரபைப் போற்றுவோர் இந்த உண்மையை மறைக்க வேண்டியதில்லை; மறைத்தால் அக்கலையின் பெருமையில் பாதி போய்விடும்.

அவ்வறுமைத் தொழில் கலையாக நிலைபெற்றதற்குக் காரணம் ஒரு பள்ளிக்கூடம். 1876-ஆம் ஆண்டில் இத்ரியாவில் லேஸ் பள்ளி திறக்கப்பட்டது. முதல் ஆசிரியையாக அமர்ந்தவர் இவாங்கா ஃபெர்யான்சிச் என்ற பெண்மணி. ஆஸ்திரியப் பேரரசு அக்காலத்தில் குடிசைத் தொழில்களை ஊக்குவிப்பதற்காகத் தொழிற்பள்ளிகளை நிறுவிவந்தது. அந்த அலையில் எழுந்ததுதான் இதுவும். அதுவரை தாய் மகளுக்குக் கைப்பழக்கமாகக் கொடுத்துவந்ததை, பள்ளி படிப்படியாக வகுத்தது; கோலங்களை அளவெடுத்து வரைந்தது; நாடாக்களுக்குப் பெயரும் இலக்கணமும் அமைத்தது. இதனால் வீட்டுக்கு வீடு இருந்த சில வேறுபாடுகள் மழுங்கியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. பள்ளி புகுந்த இடத்தில் மரபின் சுதந்திரம் குறைந்துவிடுகிறது என்று வாதிப்போர் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆயினும் அதன்பின் நேர்ந்தவற்றை எண்ணிப் பார்க்கும்போது அவ்வாதம் வலுவிழக்கிறது.

நேர்ந்தது என்ன? முதல் உலகப் போரின் முடிவில் ஆஸ்திரியப் பேரரசு சிதறியது. 1920-ஆம் ஆண்டு ராப்பல்லோ உடன்படிக்கையால் இத்ரியா இத்தாலியின் வசமாயிற்று. பாஸிஸ்டுகள் ஸ்லோவீனிய மொழியைப் பள்ளிகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் துரத்தினார்கள். ஸ்லோவீனிய மொழியில் கற்பித்த முதல் உயர்தர விஞ்ஞானப் பள்ளி என்று 1901-இல் தோன்றிப் புகழ்பெற்ற இத்ரியாவின் ‘ரெயால்கா’வும் தப்பவில்லை. லேஸ் பள்ளி மாத்திரம் நடந்துகொண்டிருந்தது. நூலுக்கு மொழி இல்லை என்று அதிகாரிகள் எண்ணியிருக்கக் கூடும். அல்லது விற்பனைக்குரிய சரக்கை நிறுத்த மனமில்லாதிருந்திருக்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊர் யூகோஸ்லாவியாவைச் சேர்ந்தது. 1991-இல் ஸ்லோவீனியா தனி நாடாயிற்று. ஒரே நூற்றாண்டுக்குள் நான்கு கொடிகள் ஏறி இறங்கிய அவ்வூரில், பள்ளியில் அதே இரண்டு அசைவுகளைக் குழந்தைகள் கற்றுக்கொண்டே இருந்தார்கள். தாயிடமிருந்து மகளுக்கு என்ற ஒற்றை இழையை மட்டும் நம்பியிருந்தால், தாய்மார் தொழிற்சாலை வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்திலேயே அது அறுந்துபோயிருக்கும்.

இன்றும் நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர், வழக்கமான பள்ளி முடிந்த பின் தலையணையின் முன் வந்து அமர்கிறார்கள். அவர்களில் எவருக்கும் இது ஜீவனோபாயம் அன்று. ஆண்டு முடிவில் அவர்கள் பின்னியவை கண்காட்சியாக வைக்கப்படுகின்றன. கோடையில் ஊரே லேஸ் திருவிழா கொண்டாடுகிறது. 2018-இல் மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, ஸ்லோவீனியாவின் கட்டைப் பின்னலை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, இத்ரியாவோடு ஷெலெஸ்னிகி, ஷிரி முதலிய ஊர்களுக்கும் அந்தப் பெருமை உரித்தாயிற்று. ஆனால் இடையறாத பள்ளியால் முதலிடம் இத்ரியாவுக்கே என்பதை மற்ற ஊரார் மனமொப்பிச் சொல்வார்களோ, நானறியேன்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஷ்லிக்ரோஃபி’ என்பது இத்ரியாவின் பெருமைக்குரிய பண்டம். கோதுமை மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்த மெல்லிய மாவினுள் வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, பன்றிக் கொழுப்பு, வதக்கிய வெங்காயம், மணமூட்டும் தழைகள் ஆகியவற்றை வைத்துக் கொழுக்கட்டைபோல் மூடி, மேலே விரலால் ஒரு குழி அமிழ்த்தி, சிறு தொப்பியின் உருவத்தில் செய்து கொதிநீரில் வேகவைப்பார்கள். ஆட்டிறைச்சியும் காய்களும் சேர்ந்த ‘பாகால்ட்சா’ என்ற குழம்பு அதற்குத் துணை. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் இப்பண்டத்தின் செய்முறையைப் பதிவு செய்து காப்பளித்தது. ஸ்லோவீனிய உணவுகளில் அந்த மதிப்பை முதலில் பெற்றது இதுதான். இதை வெகு தொன்மையான உணவு என்று சிலர் மெய்ம்மறந்து எழுதுகிறார்கள். உருளைக்கிழங்கு அப்பகுதியில் ஏழைகளின் உணவாகப் பரவியதே பிற்காலத்தில். எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன்னே இதைக் கொண்டுபோவது கடினம். பழமை குறைந்ததால் சுவை குறைந்துவிடாது. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வீட்டார் எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்ந்து இதைச் செய்கிறவரையில், இதன் உயிரைப் பற்றி எந்த ஸ்தாபனமும் கவலைப்பட வேண்டியதில்லை. பதிவேட்டில் ஏறியதால் ஒரு புதிய சிக்கல் மட்டும் தோன்றியிருக்கிறது: அளவும் உருவமும் பூரணமும் எழுத்தில் நிலைத்துவிட்டபடியால், விற்பனைக்குச் செய்பவர் மாற்றம் செய்தால் அந்தப் பெயரை இழக்கிறார், வீட்டில் செய்யும் பாட்டி தன் கைக்கு வந்தபடி செய்கிறாள்.

ஒரு மரபு தனக்கு உணவளித்த தொழிலைவிட்டுப் பிரிந்து வாழ வல்லதா என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது. குள்ளப் பூதத்தால் பிரிய முடியவில்லை. அகாசியுவின் திருநாள் நினைவுநாளாகச் சுருங்கியது. 1790-இல் கட்டப்பெற்று, 13.6 மீட்டர் குறுக்களவோடு, சுரங்கத்து நீரை இறைப்பதற்காக 1948 வரையில் சுழன்ற ‘கம்ஷ்ட்’ என்னும் மாபெரும் மரச்சக்கரம் இப்போது ஒரு கட்டடத்துக்குள் பார்வைக்காக ஓய்ந்து நிற்கிறது. இவற்றைப் பாதுகாப்பவர்களின் திறமைக்குக் குறைவில்லை: பதினாறாம் நூற்றாண்டில் சுரங்க நிர்வாகத்துக்காக எழுந்த கெவெர்கெனெக் கோட்டையில் நடக்கும் நகரப் பொருட்காட்சிசாலை, ஐரோப்பாவின் சிறந்த தொழில்நுட்பப் பொருட்காட்சிசாலைக்கான மிக்கெலெத்தி பரிசை 1997-இல் பெற்றது, அல்மதேனோடு சேர்த்து இத்ரியாவின் பாதரச மரபு 2012-இல் உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது. ஆனால் அங்கே நடப்பது பாடம் செய்வது. லேஸ் பள்ளியில் நடப்பது பாடம் சொல்வது. இரண்டும் தேவைதான். இரண்டையும் ஒரே சொல்லால் ‘காப்பாற்றுதல்’ என்று அழைத்துவிடுவதில்தான் தவறு நேர்கிறது.

லேஸும் சிரஞ்சீவி என்று நான் சொல்லவில்லை. கோட்டைப் பொருட்காட்சிசாலையில், யூகோஸ்லாவியத் தலைவர் மார்ஷல் டிட்டோவின் மனைவி யோவாங்காவுக்கென்று பின்னப்பட்ட பெரிய மேசைவிரிப்பு ஒன்று இருக்கிறது. அதன் ஒவ்வோர் அங்குலமும் ஒரு பெண்ணின் மணிக்கணக்கான உழைப்பு. அத்தகைய ஒன்றை இன்று ஒருவர் வாங்க விரும்பினால், ஸ்லோவீனியாவில் ஒரு தொழிலாளிக்குரிய கூலியை அத்தனை மணிநேரத்துக்கும் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுப்பவர் அரிது. ஆகவே பின்னுகிறவர்கள் விலைக்குப் பின்னுவதைக் குறைத்து, மகளின் திருமணத்துக்கும் நண்பருக்கும் பரிசாகவே பெரும்பாலும் பின்னுகிறார்கள். விற்பனைக்குக் காதணியும் சிறு அலங்காரங்களும் போதுமென்று நின்றுவிடுகிறார்கள். யந்திர லேஸ் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. அறியாதவர் கண்ணுக்கு வேற்றுமை தெரிவதில்லை. ஊரின் பிழைப்போ மின்மோட்டார்களுக்கான உறுப்புகள் செய்யும் கொலெக்டர் முதலிய தொழிற்சாலைகளில் இருக்கிறது; பாதரசத்திலும் இல்லை, நூலிலும் இல்லை. இதில் வருந்துவதற்கு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பசியால் பின்னிய கைகள் போய், விருப்பத்தால் பின்னும் கைகள் வந்திருக்கின்றன. அவ்விருப்பம் எத்தனை தலைமுறைக்கு நீடிக்கும் என்பதுதான் கேள்வி. பள்ளிக்கு அரசாங்கமும் நகரசபையும் கொடுக்கும் பணத்தில் ஒரு முறை கைவைத்தால் போதும், நூற்றைம்பது ஆண்டுகளின் தொடர்ச்சி ஒரு தலைமுறையில் அறுந்துவிடும். பட்டியலில் ஏற்றிய பெருமை அப்போது உதவாது.

இக்கட்டுரையைப் படித்துவிட்டு அவ்வூரைக் காண விரும்பும் வாசகர் எவரேனும் இருப்பின், அவருக்கு ஒரு வேண்டுகோள். திருவிழா நாளில் போகாதீர்கள். அன்று எல்லா ஊர்களும் ஒன்றுபோலவே இருக்கும். பள்ளி நடக்கும் மாதங்களில், ஒரு சாதாரண வேலைநாளின் பிற்பகலில், முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு லேஸ் பள்ளிக்குச் சென்று, குழந்தைகளின் கட்டைகள் விட்டு விட்டு ஒலிப்பதைச் சற்று நேரம் கேளுங்கள். சுரங்கத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.